விழுங்கப்பட்ட பயணச்சீட்டு

சென்ற தவக்காலத்தின் ஒரு ஞாயிறு மாலையில், பங்கு மன்றத்தில் இளைஞர்க்கென ஒரு குறும்படம் திரையிடப்பட்டது. பன்னிரண்டு நிமிடமே ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். முடிந்ததும் மன்றம் சிரிப்பால் அதிர்ந்தது, கைதட்டலும் எழுந்தது. படத்தைத் தெரிவு செய்தவர் நாமே ஆதலின் நமக்கும் உள்ளூர ஒரு பெருமிதம். அவ்வேளையில், பின்வரிசையில் இருந்த, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஆனா அந்தப் பாட்டி டிக்கெட் எடுத்திருந்தாங்கல்ல?" என்று கேட்டாள். சிரிப்பு அடங்கிற்று. விடை சொல்ல வேண்டிய இடத்தில் நின்றவர் நாம். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். சமாளித்தது நமக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் இக்கட்டுரை.

'ஷ்வார்ட்ஸ்ஃபாரர்' என்பது படத்தின் பெயர். இயக்கியவர் பேப்பே டான்குவார்ட் என்னும் ஜெர்மானியர். பிரிந்து கிடந்த ஜெர்மனி ஒன்றுபட்டு ஈராண்டே ஆகியிருந்த 1992-இல், பெர்லின் நகரைக் களமாகக் கொண்டு எடுக்கப்பட்டது. 1994-இல் சிறந்த குறும்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. ஜெர்மன் மொழி பயிற்றுவிக்கும் வகுப்பறைகளில் இன்றும் பாடமாகக் காட்டப்படுகிறது. இனவெறியைச் சாடும் படம் என்ற பாராட்டு அதற்கு வேண்டிய அளவு கிடைத்துவிட்டது. அப்பாராட்டில் நமக்கு மாறுபாடு இல்லை. எனினும், பயணக் கட்டணம் என்ற ஒன்றைப் பற்றி அப்படம் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் யாரேனும் நின்று நோக்கினரா என்பதே நமது ஐயம்.

கதை எளியது. பெர்லினில் ஒரு காலை நேரம். இளைஞன் ஒருவனது மோட்டார் சைக்கிள் கிளம்ப மறுக்கிறது. நேரமாகிவிடவே, அவன் சீட்டு ஏதுமின்றி டிராம் வண்டியில் ஏறிக்கொள்கிறான். அதே வண்டியில் கறுப்பின இளைஞர் ஒருவரும் ஏறுகிறார். மூதாட்டி ஒருவரின் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது. அமரலாமா என்று பண்போடு கேட்கிறார். முகத்தைச் சுளிப்பதே விடையாகக் கிடைக்கிறது, அமர்கிறார். அவ்வளவுதான், மூதாட்டியின் வாய் திறந்துகொள்கிறது. வேறு இடம் இல்லையா என்று தொடங்கி, எங்கள் வரிப்பணத்தில் வாழ்பவர்கள் என்று வளர்ந்து, நாற்றம், நோய், பழக்கவழக்கம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வீசுகிறார். யாரையும் பார்த்துப் பேசுவதில்லை. காற்றோடு பேசுவது போலவும், வண்டியில் உள்ள அனைவரும் தம் கட்சியே என்று உறுதி கொண்டவர் போலவும் பேசுகிறார். இளைஞர் ஒரு சொல்லும் மறுமொழி கூறவில்லை. வண்டி நிறைய மக்கள். தாயோடு வந்த ஒரு சிறுவன் கண் விரியப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பின்னர் பரிசோதகர் ஏறுகிறார்.

இவ்விடத்தில் நம் வாசகர்க்கு ஒரு விளக்கம் தேவைப்படும். ஜெர்மானிய நகரங்களின் டிராமிலும் சுரங்க ரயிலிலும் கைப்பையும் விசிலுமாக வரும் நடத்துநர் கிடையாது. சீட்டைக் காட்டினால் திறக்கும் தடுப்புக் கதவும் கிடையாது. பயணி தாமே சீட்டு வாங்கி, தாமே அதை முத்திரைப் பொறியில் பதித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் யாரும் கேட்பதில்லை. பரிசோதகர் என்றோ ஒருநாள் வருவார், வராமலும் போவார். சாதாரண உடையில் ஏறி, கதவு மூடியபின் அடையாள அட்டையை எடுப்பவரும் உண்டு. மக்களை நம்பும் நாடு என்று இதைப் புகழ்வார் சிலர். நிலையந்தோறும் காவல் வைப்பதைவிட அவ்வப்போது சோதிப்பது செலவு குறைவு என்பார் வேறு சிலர். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருப்பதில் தடையொன்றும் இல்லை. சீட்டின்றிப் பிடிபட்டவர் இந்நாளில் 60 யூரோ கட்ட வேண்டும். ஒருமுறைப் பயணத்துக்குரிய சீட்டில் பெயர் எழுதியிராது. எனவே அத்தாளைத் தவிரப் பயணிக்கு வேறு சான்றில்லை. தாள் போனால் கட்டணமும் போயிற்று. கட்டியவரும் கட்டாதவர் ஆகிவிடுகிறார்.

படத்தின் நகைச்சுவை முழுவதும் இந்தச் சிறிய தாளின்மீதே நிற்கிறது. பரிசோதகர் நெருங்கி வருகிறார். மூதாட்டி தமது சீட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறார். கறுப்பின இளைஞர் சட்டென்று அதைப் பறித்து, வாயிலிட்டு மென்று, விழுங்கிவிடுகிறார்! பரிசோதகர் கேட்கும்போது தமது பயண அட்டையை அமைதியாக நீட்டுகிறார். மூதாட்டியோ, இவன் என் சீட்டைத் தின்றுவிட்டான் என்கிறார். இத்தனை மடத்தனமான சாக்கைத் தாம் கேட்டதே இல்லை என்ற முகத்தோடு பரிசோதகர் அவரை வண்டியை விட்டு இறக்குகிறார். உண்மையை அறிந்தவர் வண்டி நிறைய இருந்தும் எவரும் வாய் திறக்கவில்லை. இந்த அமளியில், உண்மையாகவே சீட்டில்லாத மோட்டார் சைக்கிள்காரன் சோதனைக்குத் தப்பிவிடுகிறான்.

மூதாட்டியாக வரும் சென்டா மொய்ராவின் நடிப்பைப் பற்றி ஒரு சொல். அவரை அரக்கியாகக் காட்டுவது எளிது. அவர் அவ்வாறு செய்யவில்லை. நம் தெருவில், நம் பீடத்தின் முன் வரிசையில், நம் வீட்டிலேயே கூட இருக்கக்கூடிய ஒரு பாட்டியாகவே அவர் பேசுகிறார். நாகரிகமான உடை, ஒழுங்கான வாழ்வு, முறையாக வாங்கிய சீட்டு. இளைஞராக நடித்த பால் அவுட்லாவுக்கு உரையாடலே இல்லை எனலாம். கேட்டுக்கொண்டிருக்கும் முகம் ஒன்றே அவருக்கு வாய்த்த கருவி. அதில் சினமும் இல்லை, தாழ்ச்சியும் இல்லை. பழகிப்போன களைப்பு இருக்கிறது. அக்களைப்புதான் நம்மைச் சுடுகிறது.

இனி, பெயருக்கு வருவோம். 'ஷ்வார்ட்ஸ்' என்றால் கறுப்பு. 'ஃபாரர்' என்றால் பயணிப்பவர். இரண்டும் சேர்ந்தால் ஜெர்மன் வழக்கில் சீட்டின்றிப் பயணம் செய்பவர் என்று பொருள். இப்படத்தில் அச்சொல் மூவர் மேலும் தாவுகிறது. கறுப்பின இளைஞர் சொல்லின் நேர்ப்பொருளில் ஷ்வார்ட்ஸ்ஃபாரர். ஆனால் அவரிடம் பயண அட்டை உண்டு. மோட்டார் சைக்கிள்காரன் வழக்குப் பொருளில் ஷ்வார்ட்ஸ்ஃபாரர், அவன் வெள்ளைக்காரன். சீட்டு வைத்திருந்த மூதாட்டியோ, சட்டத்தின் கண்ணுக்கு ஷ்வார்ட்ஸ்ஃபாரர் ஆகிறார். அந்த மூதாட்டி பேசும் பேச்சிலும் ஓரிடத்தில் இச்சிலேடை தலைகாட்டுகிறது. அயலார் எல்லாரும் 'கறுப்பாக', அதாவது கணக்கில் வராமல், வேலை செய்கிறார்கள் என்று அவர் குமுறுகிறார். ஒருவரைப் போலவே எல்லாரும் இருப்பதால் யார் சோதிக்க முடியும் என்றும் கேட்கிறார். சோதனை வந்தபோது அகப்பட்டவர் யார் என்பதைப் படம் சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

இப்பெயரைத் தமிழாக்க முயன்று தோற்றோம். நம்மவர் வழக்கில் இப்பேர்ப்பட்ட பயணிக்கு 'வித்தவுட்' என்று பெயர். ஆங்கிலத்தின் இடைச்சொல் ஒன்று தமிழில் ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாகி, 'அவன் வித்தவுட்ல வந்தான்' என்று உருபும் ஏற்று நிற்பது ஒரு வேடிக்கை. ஆயினும் அச்சொல்லில் நிறம் இல்லை. நிறம் உள்ள சொற்கள் நம்மிடம் இல்லாமலும் இல்லை. கறுப்புப் பணம், கறுப்புச் சந்தை, கறுப்புப் பட்டியல் என்று எத்தனை! கள்ளச் சந்தை என்னும் நேரான சொல் இருக்கும்போதே கறுப்பை இழுத்து வருகிறோம். பெண் பார்க்கப் போகும் வீடுகளில் இச்சொல் படும் பாட்டைப் பற்றி இங்கே விரித்தால் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும். பெர்லினின் பிவிஜி போன்ற ஜெர்மானியப் போக்குவரத்து நிறுவனங்கள் சில, 2021 அளவில் 'ஷ்வார்ட்ஸ்' என்ற அடைமொழியைத் தம் அறிவிப்புகளிலிருந்து விலக்கி, செல்லுபடியாகும் சீட்டின்றிப் பயணித்தல் என்று நீட்டி எழுதத் தலைப்பட்டன. அச்சொல் அங்கே வறுமையைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து வந்தது என்று வாதிட்டவரும் உண்டு. வேர் எதுவாயினும், தெருவில் செவிக்கு எட்டுவது நிறந்தான்.

படம் வந்த காலத்தை நினைவில் கொள்ளாமல் அவ்வண்டியின் மௌனத்தைப் புரிந்துகொள்ள முடியாது. 1991 செப்டம்பரில் ஹோயர்ஸ்வெர்டா என்னும் ஊரில் அயல்நாட்டுத் தொழிலாளரும் தஞ்சம் கோரியவரும் தங்கியிருந்த குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 1992 ஆகஸ்டில் ரோஸ்டாக் நகரில் தஞ்சம் கோரியவர் விடுதிமேலும் வியட்நாமியர் வாழ்ந்த கட்டடத்தின்மேலும் கல்லும் தீயும் விழுந்தபோது, சுற்றி நின்ற பெருங்கூட்டம் கைதட்டிற்று. அவ்வாண்டு நவம்பரில் மோல்ன் ஊரில் துருக்கியக் குடும்பத்தார் மூவர் எரிந்து மாண்டனர். 1993 மே மாதத்தில் சோலிங்கனில் ஐவர். தீ வைத்தவர் சிலர். பார்த்து நின்றவர் பலர். டான்குவார்ட் தீயைக் காட்டவில்லை. பார்த்து நிற்பதைக் காட்டினார், அதுவும் ஓர் எளிய காலைப் பயணத்தில்.

தஞ்சம் கோரியவர் என்ற சொல்லைத் தமிழர் நாம் தொலைவிலிருந்து கேட்பதற்கில்லை. 1980-களில் ஈழத்திலிருந்து உயிர் தப்பிய நம்மவர் பலர், கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸே நிலையத்தின் வழியே நகர ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் போய்த் தஞ்சம் கேட்டனர். 1985-இல் அவ்வழி தமிழருக்கு அடைக்கப்பட்டது. ஆக, அந்நகரின் ரயிலில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து அப்பேச்சைக் கேட்டிருக்கக்கூடியவருள் யாழ்ப்பாணத்தாரும் உண்டு. மன்றத்தில் சிரித்த நம் இளைஞர்க்கு இதனைச் சொன்னபோது, சற்று நேரம் யாரும் பேசவில்லை.

இத்தனையும் படத்தின் வெற்றி. இனி அச்சிறுமியின் வினா.

மூதாட்டி சீட்டு எடுத்திருந்தார். அவர் செய்த தீங்கு பெரியது. ஆனால் அவர் தண்டிக்கப்பட்டது அதற்காக அன்று. செய்யாத ஒன்றுக்காகத் தண்டிக்கப்பட்டார். செய்த ஒன்றுக்கோ, வண்டியில் இருந்த எவரும் அவரை ஒரு சொல்லும் கேட்கவில்லை. படம் முடியும்போது நமக்குக் கிடைக்கும் நிறைவு எங்கிருந்து வருகிறது? அநீதி ஒன்றை மற்றோர் அநீதி சரிக்கட்டிவிட்டது என்ற கணக்கிலிருந்து வருகிறது. சீட்டை விழுங்கிய கதை ஐரோப்பிய நகரங்களில் வாய்மொழியாகவும் உலவுவதாக நாட்டார் வழக்காறு ஆய்பவர்கள் குறித்துள்ளனர். நண்பனுடைய நண்பன் நேரில் கண்டதாகச் சொல்லப்படும் வகைக் கதை. அவ்வகைக் கதைகள் ஏன் பரவுகின்றன என்பது தெரிந்ததே. நாம் வாய் திறக்காமல் இருந்த இடத்தில், வேறு யாரோ சாமர்த்தியமாக நம் சார்பில் பழி தீர்த்துவிட்டார் என்று கேட்பது இனிமையாக இருக்கிறது.

இங்கேதான் இயக்குநரோடு நமக்கு ஒரு பிணக்கு. வண்டியில் இருந்தோர் முதலில் கோழைத்தனத்தால் மௌனம் காத்தனர். பின்னர் குறும்பால் மௌனம் காத்தனர். முதல் மௌனத்தை நாம் வெறுக்கிறோம். இரண்டாம் மௌனத்துக்குக் கைதட்டுகிறோம். ஆனால் இரண்டும் ஒரே மௌனந்தான். பரிசோதகரிடம் உண்மை சொல்லாத வாய்கள் முன்பு இளைஞருக்காகத் திறக்காத அதே வாய்கள். இரண்டாவது மௌனத்தால் முதல் மௌனம் கழுவப்பட்டுவிட்டது போன்ற உணர்வைப் படம் தந்துவிடுகிறது. அப்பயணிகள் எதையும் செலுத்தாமல் விடுதலை பெற்று இறங்குகின்றனர். திரைக்கு முன்னே அமர்ந்திருக்கும் நாமும் அவ்வாறே. சிரிப்பு நமக்கு இலவசமாகக் கிடைத்தது. 'வித்தவுட்' யார் என்று கேட்டால், அந்த மோட்டார் சைக்கிள்காரனுக்கு அடுத்து நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

நல்ல சமாரியரின் உவமையை இங்கே கொண்டுவந்து முடிச்சுப் போடுவது எளிது. கூட்டத்தில் நாமும் அதைத்தான் செய்யவிருந்தோம். அதற்கான தாளும் கையில் இருந்தது. சிறுமியின் வினாவுக்கு அது விடை ஆகாது என்று தோன்றியதால் மடித்து வைத்துவிட்டோம்.

கட்டணம் என்பதைப் படம் எவ்வாறு காண்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூதாட்டிக்குச் சீட்டு என்பது ஓர் உரிமைப் பத்திரம். வரி கட்டுகிறேன், சீட்டு வாங்குகிறேன், ஆகவே இவ்விருக்கையும் இதன் பக்கத்து இருக்கையும் யாருக்கு என்று சொல்லும் தகுதி எனக்குண்டு என்பது அவரது எண்ணம். மோட்டார் சைக்கிள்காரனுக்கோ சீட்டு என்பது பரிசோதகர் வந்தால் மட்டும் நினைவுக்கு வரும் தொல்லை. நம் இளைஞருள் சிலர் அவனுக்காக வாதாடினர். வண்டி பழுதானது அவன் குற்றமா, ஒருநாள் தானே, அரசுக்கு என்ன குறைந்துவிடும் என்றனர். ஏழாம் கட்டளையை நினைவூட்டியதும், இதற்கெல்லாமா கட்டளை என்ற சிரிப்புத்தான் எழுந்தது. டிராம் ஓடுவதற்கு மின்சாரம் வேண்டும், ஓட்டுநருக்குச் சம்பளம் வேண்டும், அது சீட்டு வாங்கிய மற்றவர் பையிலிருந்து போகிறது என்பதற்கு மேல் அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. அவன் செய்தது சிறு களவு. அதைச் சிறு களவு என்றே சொல்லிவிட்டு மேலே போகலாம்.

மேலே போனால் எதிர்ப்படுவது படம் தொடாத ஓர் இடம். ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 265அ பிரிவின்படி, சீட்டின்றிப் பயணித்தல் ஓராண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். அப்பிரிவு 1935-இல், இட்லர் ஆட்சியில் சேர்க்கப்பட்டது. நடைமுறையில் நீதிமன்றங்கள் பெரும்பாலும் அபராதமே விதிக்கின்றன. அபராதம் கட்ட இயலாதவர் அதற்கு ஈடாகச் சிறைக்குப் போக வேண்டும். அவ்வாறு போகிறவர் மோட்டார் சைக்கிள் பழுதானவர் அல்லர். வேலையும் வீடும் இழந்தவர், குடியாலோ மனநோயாலோ அலைக்கழிக்கப்பட்டு, வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் வலுவும் அற்றுப் போனவர் இவர்களுள் மிகுதி. படத்தில் மூதாட்டி வண்டியிலிருந்து இறக்கப்படுவதோடு நகைச்சுவை முடிகிறது. அந்தப் படியிலிருந்து சிறைவாயில் வரை ஒரு சாலை நீள்வது டான்குவார்டின் படக்கருவிக்குள் வரவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டவில்லை என்று குறை கூறுவது முறையன்று. ஆனால் சீட்டில்லாமை என்பதைச் சிரிப்புக்குரிய சிறு இடர் என்றே நம் மனத்தில் பதித்துவிடும்போது, அதைச் சுட்டாமலும் இருக்க முடியவில்லை.

2021 டிசம்பரில் பெர்லினில் சிலர் கூடி 'ஃபிரைஹைட்ஸ்ஃபோண்ட்ஸ்', அதாவது விடுதலை நிதி, என்ற ஒன்றைத் தொடங்கினர். சீட்டின்றிப் பயணித்தமைக்காகச் சிறையில் இருப்போரின் மீத அபராதத்தை மக்கள் தரும் நன்கொடையிலிருந்து கட்டி, அவர்களை வெளியே கொணர்வதே அதன் பணி. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இதுவரை மீட்கப்பட்டுள்ளனர். இதைப் படித்தபோது, 1218-இல் பார்சலோனாவில் புனித பேதுரு நொலாஸ்கோ தொடங்கிய துறவற சபை நமக்கு நினைவுக்கு வந்தது. சிறைப்பட்டோரைப் பணம் கொடுத்து மீட்பதே அச்சபை எடுத்துக்கொண்ட பணி. அச்சபையாரின் அன்னையைத்தான் நம் குமரிமுனையில் அலங்கார உபகார மாதா என்று வணங்குகிறோம். 'உபகாரம்' என்ற அச்சொல்லுக்குள் விலை கொடுத்து மீட்டல் என்ற செய்தி இருப்பதைத் திருவிழாக் கூட்டத்தில் எத்தனை பேர் நினைக்கின்றோமோ!

குமரி என்றதும் மற்றொன்று. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக் கொடுக்கிறார். சட்டப்படி அதுவும் சீட்டுத்தான். ஆனால் 'ஓசி' என்ற சொல்லை அப்பேருந்துகளில் கேளாத பெண்கள் அரியர். எங்கள் வரிப்பணம் என்ற சொற்றொடரும் கூடவே வருகிறது. பெர்லின் மூதாட்டி அதற்குத் தனியுரிமை கொண்டாட முடியாது. அவ்வாண்டு டிசம்பரில், குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பவிருந்த மூதாட்டி ஒருவர், நாற்றம் வீசுகிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கப்பட்டார். அவர் நிலையத்தில் நின்று குரலெடுத்து நியாயம் கேட்ட காட்சி காணொளியாகப் பரவிற்று. முதலமைச்சர் கண்டித்தார்; ஓட்டுநர், நடத்துநர் உள்ளிட்ட மூவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பெர்லின் படத்தில் மூதாட்டி இழிவுபடுத்துகிறார், குளச்சலில் மூதாட்டி இழிவுபடுத்தப்படுகிறார். இரண்டிலும் 'நாற்றம்' என்ற சொல்லே ஆயுதம். குளச்சலில் யாரும் யாருடைய சீட்டையும் விழுங்கவில்லை. அந்த அம்மா தாமே வாய் திறந்து கேட்டார். அதனால்தான் அச்செய்தி வெளியே வந்தது.

அச்செய்தியை நாளிதழில் வாசித்த காலையில் நமக்கு வேறொரு பேருந்து நினைவுக்கு வந்தது. ஆண்டுகள் பல ஆயின. மாலை நேரம், நெரிசல். மீன் கூடையோடு ஏறிய பெண்மணி ஒருவர் நமக்கு முன்னிருக்கையில் அமர்ந்தார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்றுகொண்டு உரத்த குரலில் பேசத் தொடங்கினார். அந்த அம்மா இரு நிறுத்தம் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அது அவர் இறங்க வேண்டிய இடம் அன்று என்பது, சீட்டு வாங்கும்போது அவர் சொன்ன ஊரின் பெயரைக் கேட்டிருந்த நமக்குத் தெரியும். நமது சட்டைப் பையில் நமது சீட்டு இருந்தது. கோவில் கூட்டம் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தோம். தலைப்பு என்னவென்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

இதை மறு ஞாயிறு மன்றத்தில் சொன்னோம். சிறுமியின் வினாவுக்கு நம்மால் தர முடிந்த விடை அவ்வளவுதான்: ஆம், அம்மா, பாட்டி சீட்டு எடுத்திருந்தார், நாமும் எடுத்திருந்தோம். படத்தை இரண்டாம் முறையும் ஓட்டினோம். இம்முறை மூதாட்டியையும் இளைஞரையும் விட்டுவிட்டு மற்றப் பயணிகளின் முகங்களை மட்டும் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டோம். படம் வேறொன்றாகத் தெரிந்தது. சன்னலுக்கு வெளியே எதையோ தேடும் கண்கள், கேளாதது போன்ற பாவனைகள். இவற்றை அமைப்பதில் இயக்குநர் எவ்வளவு கருத்தாக இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அவரோடு நாம் கொண்ட பிணக்கு பாதி தணிந்தது என்றும் சொல்லலாம். முதல் முறை நம்மைச் சிரிக்க வைத்தது அவர் குற்றமா, நம் அவசரமா?

கூட்டத்தில், நகரப் பேருந்தில் முப்பதாண்டு நடத்துநராயிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் இருந்தார். இரண்டு முறையும் சிரிக்காதவர் அவர் ஒருவரே. அவரைப் பேசச் சொன்னோம். தயங்கி எழுந்தார். தம் வண்டியில் செக்கிங் ஏறிச் சீட்டில்லாதவர் அகப்பட்டால் பயணிக்கு அபராதமும் தமக்கு மெமோவும் வரும் என்பதிலிருந்து தொடங்கினார். சீட்டு எடுத்துத் தொலைத்தவனுக்கும் எடுக்காதவனுக்கும் முகத்தில் வேறுபாடு தெரியும் என்றார். சீட்டை ஆடு தின்றது, காற்று பறித்தது என்று கேட்ட கதைகளைச் சொன்னார். அவற்றுள் சில உண்மையாகவே இருந்தன என்றார்.

"அந்த செக்கர் அவசரப்பட்டுட்டார்" என்று முடித்தார் அவர். "நானா இருந்தா அந்தச் சின்னப் பையனைக் கேட்டிருப்பேன். அவன் ஒருத்தன்தான் கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டிருந்தான்."

"அவன் என்ன சொல்லியிருப்பான், தாத்தா?" என்று சிறுமி கேட்டாள்.

பெரியவர் சற்று நேரம் வெண்திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "பாட்டி சீட்டு வெச்சிருந்தாங்கன்னு சொல்லியிருப்பான். அதுக்கு முன்னாடி பாட்டி பேசினதையும் முதல்லேருந்து சொல்லியிருப்பான்" என்றார்.